மூன்றரை அங்குலம்

முன்சக்கரத்தைக் கழற்றினால் டிஸ்க்கைக் கவ்விப் பிடித்தபடி ஒரு வார்ப்பிரும்புக் கட்டி தெரியும். அதுதான் காலிப்பர். டாட்சன் 240இசட் ஸ்போர்ட்ஸ் காரில் தொழிற்சாலையே பொருத்திய காலிப்பருக்கு எஸ்16 என்று பெயர். அமெரிக்காவில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் 240இசட்கள் பலவற்றில் இப்போது அது இருப்பதில்லை. அந்த இடத்தில் இருப்பதைத் துணியால் துடைத்துப் பார்த்தால், எஸ்12+8 என்று வார்ப்பிலேயே எழுத்து புடைத்து நிற்கும். அது டொயோட்டாவின் ஃபோர் வீல் டிரைவ் பிக்கப்புக்காகச் செய்யப்பட்டது. சேற்றிலும் மேட்டிலும் சரக்கோடு ஏறி இறங்கும் வண்டியின் சாமான், போட்டிக் கம்பெனியின் ஆறு சிலிண்டர் ஸ்போர்ட்ஸ் காரில், புதிதாக ஒரு துளைகூடப் போடாமல் இரண்டு போல்ட்டில் உட்கார்ந்துகொள்கிறது.

டொயோட்டாவும், டாட்சனைச் செய்த நிசானும் ஒருவருக்கொருவர் கேட்டுக்கொண்டு வண்டி செய்தவர்கள் அல்ல. பிறகு எப்படி இது அதில் பொருந்தியது? இரண்டு போல்ட் துளைகளுக்கும் இடையே உள்ள தூரம்தான் காரணம். சுமார் மூன்றரை அங்குலம். ஜப்பானில் செய்த இரண்டு வண்டிகளில் அங்குலக் கணக்கு எதற்கு என்று விசாரித்துக்கொண்டே போனால் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரத்தில் போய் நிற்போம்.

டிஸ்க் பிரேக்கின் கதை தொடங்குவதே அந்த ஊரில்தான். 1902-இல் ஃபிரெட்ரிக் லான்செஸ்டர், சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் ஒரு தகட்டை இரண்டு பக்கமும் கவ்வி நிறுத்தும் பிரேக்குக்குக் காப்புரிமை வாங்கினார். அன்றைக்குக் கவ்வுவதற்குச் சரியான பொருள் இல்லை. அவர் செம்பைப் போட்டார். இரும்புத் தகட்டில் செம்பு உரசிக் காது கிழியும்படி அலறியது, சீக்கிரம் தேய்ந்தும் போனது. யோசனை சரி, பொருள் சரியில்லை. அதன்பின் அரை நூற்றாண்டு கார் உலகம் டிரம் பிரேக்கிலேயே காலம் தள்ளியது.

டிரம் பிரேக்கை மட்டமாகப் பேசுவது நியாயமில்லை. டிரம் சுற்றுகிற சுற்றே ஷூவை உள்ளிருந்து இன்னும் இறுக்கி இழுத்துக்கொள்ளும். அதனால் காலில் பலம் குறைவாகக் கொடுத்தாலும் நன்றாகவே பிடிக்கும். சூடுதான் அதன் எதிரி. மலை இறக்கத்தில் தொடர்ந்து பிரேக் பிடித்தால் டிரம் விரிந்து ஷூவை விட்டு விலகும், லைனிங் பிடிப்பை இழக்கும், பெடல் கீழே போகும். டிஸ்க்கில் நேர் எதிர். தகடு வெளிக்காற்றில் சுற்றுகிறது. சூட்டில் தடித்தாலும் அதைக் கவ்வும் பேடை நோக்கித்தான் தடிக்கும். மழையில் நனைந்தால் ஒன்றிரண்டு சுற்றில் உதறிக் காய்ந்துவிடும்.

இந்த வித்தியாசத்தை உலகத்துக்குக் காட்டியது ஜாகுவார். விமானச் சக்கரங்களுக்காக டிஸ்க் பிரேக் செய்துகொண்டிருந்த டன்லப் கம்பெனியோடு சேர்ந்து அதைக் காருக்குக் கொண்டுவந்தார்கள். சோதனை ஓட்டுநர் நார்மன் டூயிஸ் காலிலும் கையிலும் அந்த உழைப்பு இருக்கிறது. 1952-இல் மில்லே மிக்லியா பந்தயத்தில் ஸ்டெர்லிங் மாஸ் ஓட்ட, அவர் பக்கத்தில் டூயிஸ் உட்கார்ந்து போனார். அடுத்த ஆண்டு லெ மான் 24 மணிநேரப் பந்தயத்தில் டிஸ்க் பிரேக் பூட்டிய சி-டைப் ஜாகுவார் ஜெயித்தது. டோனி ரோல்ட்டும் டங்கன் ஹாமில்ட்டனும் ஓட்டினார்கள். சராசரி வேகம் மணிக்கு சுமார் 170 கிலோமீட்டர். அந்தப் பந்தயத்தின் சராசரி 100 மைலைத் தாண்டியது அப்போதுதான் முதல் முறை. கிட்டத்தட்ட ஆறு கிலோமீட்டர் நேர்சாலையில் முழு வேகத்தில் வந்து, முடிவில் இருக்கும் மடக்குத் திருப்பத்துக்கு மற்றவர்களைவிடத் தாமதமாக பிரேக் பிடிக்க முடிந்தது அந்தக் காரால். இரவு பகலாகச் சுற்றுக்குச் சுற்று அப்படிப் பிடித்தும் கடைசிவரை அதன் பிரேக் தளரவில்லை.

நம் கதை டன்லப் கிளையில் இல்லை, பக்கத்துக் கிளையில் இருக்கிறது. ஆல்பர்ட் கெர்லிங் 1925-இல் டிரம் பிரேக்குக்கான ஓர் ஆப்பு அமைப்புக்குக் காப்புரிமை பெற்றவர். அவர் பெயர் பிறகு லூக்காஸ் நிறுவனத்தின் கைக்குப் போய், பர்மிங்காமின் டைஸ்லி பகுதியில் கெர்லிங் என்ற பெரிய பிரேக் தொழிற்சாலை ஆயிற்று. 1955 லெ மானில் ட்ரையம்ஃப் டிஆர்2 கார்கள் டிஸ்க் பிரேக்கோடு ஓடின. 1956 கடைசியில் டிஆர்3 காரின் முன்சக்கரங்களில் கெர்லிங் டிஸ்க் பிரேக்கை எல்லோருக்கும் பொதுவாகவே பொருத்தத் தொடங்கினார்கள். பந்தயக்காரர்களுக்கும் பணக்காரர்களுக்கும் மட்டும் என்றிருந்தது, ஓரளவு சம்பாதிக்கிற இளைஞன் வாங்கும் காரில் வந்து சேர்ந்தது. அடுத்து வந்த டிஆர்4-இல் 16பி என்ற காலிப்பர் வந்து, டிஆர்6 வரை நிலைத்தது.

16பி எளிமையான பொருள். இரண்டு பாதி வார்ப்பிரும்பு, நடுவில் டிஸ்க். ஒவ்வொரு பாதியிலும் 2 1/8 அங்குல விட்டத்தில், அதாவது 54 மில்லிமீட்டரில், ஒரு பிஸ்டன். பேடைப் பிடித்திருப்பது இரண்டு ஊசிகள். அவற்றை உருவினால் காலிப்பரைக் கழற்றாமலே பேடை வெளியே இழுத்துவிடலாம். அசையும் பாகம் பிஸ்டன் மட்டும். இவ்வளவு எளிமையாக இருந்ததால்தான் அது தேசம் தேசமாகப் போயிற்று என்று நினைக்கிறேன்.

கெர்லிங் நம் ஊருக்கும் வந்தது. 1962-இல் டிவிஎஸ் குடும்பத்தாரும் இங்கிலாந்தின் கெர்லிங்கும் கூட்டுச் சேர்ந்து பிரேக்ஸ் இந்தியா நிறுவனத்தைத் தொடங்கினார்கள். சென்னை பாடியில் தொழிற்சாலை எழுந்தது. டிவிஎஸ் கெர்லிங் என்ற பெயர் போட்ட பிரேக் ஆயில் டப்பாவைப் பார்க்காத மெக்கானிக் தமிழ்நாட்டில் இருக்க முடியாது. எங்கோ ஒரு ஆங்கிலேயரின் குடும்பப் பெயர் பட்டறை அலமாரிகளில் வந்து குந்திய வழி அதுதான். ஜப்பானில் கெர்லிங் பிரேக் செய்யும் உரிமம் சுமிடோமோ நிறுவனத்திடம் போயிற்று. நிசானின் பழுதுபார்ப்புக் கையேடு 240இசட்டின் முன் பிரேக்கை கெர்லிங்-சுமிடோமோ எஸ்16 என்றுதான் குறிப்பிடுகிறது. பிஸ்டன் விட்டம் 53.97 மில்லிமீட்டர். மில்லிமீட்டரில் எழுதிய 2 1/8 அங்குலம் அது. வடிவத்தோடும் பிஸ்டனோடும் சேர்ந்து துளை இடைவெளியும் கடல் தாண்டி வந்திருந்தது.

240இசட்டைப் பற்றிச் சில வார்த்தை சொல்லியே ஆகவேண்டும். 1969 அக்டோபரில் ஜப்பானில் ஃபேர்லேடி இசட் என்ற பெயரில் அறிமுகமாகி, அமெரிக்காவில் 3,526 டாலருக்கு விற்பனைக்கு வந்த கார். அங்கே நிசானை நடத்திய யுடாகா கடயாமாவின் பிடிவாதம் இல்லாமல் அது வந்திருக்காது. 2,393 சிசி, ஆறு சிலிண்டர், ஒரு டன்னுக்குச் சற்றே மேல் எடை. 1970, 71 இரண்டு ஆண்டுகளிலும் பீட்டர் பிராக் அணியின் இசட்டில் ஜான் மார்ட்டன் அமெரிக்கத் தேசியப் பட்டம் வென்றார். 1973-இல் கிழக்கு ஆப்பிரிக்க சஃபாரி ராலியை இதே காரில் வென்றவர் இந்திய வம்சாவளியைச் சேர்ந்த சேகர் மேத்தா. புழுதியும் சேறும் மாறி மாறி வரும் அந்தப் பாதையில் காரைத் தாங்கியதில் பிரேக்குக்கும் பங்கு உண்டு.

முன்னால் 271 மில்லிமீட்டர் டிஸ்க், துளைகளோ காற்றுப் பாதையோ இல்லாத ஒற்றைத் தகடு. பின்னால் 9 அங்குல அலுமினிய டிரம். 1970-இன் டயருக்கு அது போதுமானது. ஜப்பானியப் பந்தய இசட்களில் சுமிடோமோவே செய்த எம்கே63 என்ற நான்கு பிஸ்டன் காலிப்பர் இருந்தது. அசல் எம்கே63 இன்று சேகரிப்பாளர்கள் பெரும் பணம் கொடுத்து வாங்கும் பொருள். சாதாரண உரிமையாளருக்கு எட்டாது. எட்டுகிற இடத்தில் அதன் உறவுக்காரன் ஒருவன் இருப்பதை யாரோ கவனித்திருக்கிறார்கள்.

1979 மாடலில் டொயோட்டா தன் ஃபோர் வீல் டிரைவ் பிக்கப்பை அமெரிக்காவுக்கு அனுப்பியது. முன்னச்சு கனமானது, டயர் பெரியது, பின்னால் சரக்கு. இறக்கத்தில் இவ்வளவையும் பிடித்து நிறுத்த சாதாரண இரட்டை பிஸ்டன் போதவில்லை. அதற்காக வந்ததுதான் எஸ்12+8. இதுவும் சுமிடோமோ குடும்பத்துப் பிள்ளை. பாதிக்கு இரண்டாக நான்கு பிஸ்டன், ஒன்று சுமார் 43 மில்லிமீட்டர், இன்னொன்று சுமார் 34. பேட் நீளமானது. டிஸ்க்கின் கனமோ கிட்டத்தட்ட இசட்டினுடையதேதான். துளை இடைவெளியும் அதே மூன்றரை அங்குலம். பெரிய காலிப்பர் வேண்டுமென்றபோதும் அந்த அடித்தளத்தை மாற்ற யாருக்கும் அவசியம் வரவில்லை. பழைய அளவைக் காப்பாற்றி வைத்த அந்தச் சிறிய ஒழுங்குதான் பின்னால் ஆயிரக்கணக்கான பழைய கார்களுக்கு உதவியது.

டொயோட்டா பிக்கப்புகள் பனி ஊர்களில் நன்றாக உழைத்தன. குளிர்காலத்தில் அங்கே சாலையில் உப்பைக் கொட்டுவார்கள். உப்பு பிரேக்கைத் தின்றுவிடும். பிஸ்டனின் குரோமியப் பூச்சில் புள்ளி புள்ளியாகத் துரு ஏறும், பிஸ்டன் ஜாம் ஆகும், பேட் ஒரு பக்கமாகத் தேயும். அமெரிக்க உதிரிபாகக் கடைகளில் இதற்கு நல்ல ஏற்பாடு ஒன்று உண்டு. சீர்செய்த காலிப்பரை வாங்கும்போது அதற்கு மேல் ஒரு வைப்புத் தொகையையும் கட்டவேண்டும். உங்கள் பழைய காலிப்பரைக் கொண்டுபோய்க் கொடுத்தால் அந்தத் தொகை திரும்பக் கிடைக்கும். பழையதை அங்கே கோர் என்பார்கள். அது சீர்செய்யும் ஆலைக்குப் போகும், துரு நீங்கும்வரை மணல் வீசிச் சுத்தமாகும், புதுச் சீலும் பிஸ்டனும் ஏறி, புதுப் பெட்டியில் மறுபடி கடைக்கு வரும். ஒரே வார்ப்பு மூன்று நான்கு வண்டிகளில் வாழ்ந்திருக்கலாம். எந்த மாநிலத்தில், யாருடைய பண்ணையில் உழைத்தது என்பதற்குப் பதிவு கிடையாது. எண் மட்டும்தான் கூடவே வரும்.

இசட் வைத்திருப்பவர் அந்தப் பெட்டியை வாங்கும்போது ஒரு சிக்கல். அவர் கையில் இருப்பது டாட்சன் காலிப்பர், வாங்குவது டொயோட்டா காலிப்பர். கோர் என்றால் அதே சாமானாக இருக்கவேண்டும். வைப்புத் தொகையை விட்டுக்கொடுப்பதைத் தவிர வழியில்லை. அதையும் சேர்த்தால்கூடப் பந்தயக் காலிப்பரின் விலைக்குப் பக்கத்தில் வராது.

இனி வேலை. காரைத் தாங்கியில் நிறுத்தி, சக்கரத்தைக் கழற்றி, முதலில் பழைய பிரேக் தூசியைக் கவனிக்கவேண்டும். அந்தக் காலத்துப் பேடுகளில் கல்நார் கலந்திருக்கும். காற்றடித்து ஊதினால் அது நுரையீரலுக்குள் போகும். ஈரத்துணியால்தான் துடைக்கவேண்டும். இந்த ஒரு விஷயத்தில் அவசரம் கூடாது.

பிரேக் குழாயைக் கழற்றும் இடத்தில்தான் பழைய கார் தன் வயதைக் காட்டும். ஸ்டீல் குழாயும் அதன் நட்டும் ஐம்பது ஆண்டுத் துருவில் ஒன்றாகிக் கிடக்கும். சாதாரண ஸ்பேனரைப் போட்டுத் திருகினால் நட்டின் முனைகள் மழுங்கிவிடும். குழாய் நட்டுக்கென்றே வாயை அகலமாக்கி, ஐந்து பக்கமும் பிடிக்கும் ஸ்பேனர் இருக்கிறது. அதைப் போட்டு, துரு இளக்கும் எண்ணெயை முந்தின நாளே விட்டு வைத்து, மெதுவாக அசைத்து எடுக்கவேண்டும். குழாயோடு ரப்பர் ஹோஸையும் அப்போதே மாற்றிவிட வேண்டும். வெளியே பார்க்க நன்றாக இருக்கும் பழைய ஹோஸ் உள்ளே ஊதி, வழி அடைத்துக் கிடக்கும். பெடலை அழுத்தினால் ஆயில் போகும், விட்டால் திரும்பி வராது. பிரேக் பிடித்தபடியே சூடேறும். அதைக் காலிப்பரின் குற்றம் என்று எண்ணிக் காலிப்பரை மாற்றியவர்கள் நிறையப் பேர்.

டொயோட்டா காலிப்பர் உருவத்தில் பெரியது, எடையிலும் கூடுதல். டிஸ்க்கின் பின்னால் இருக்கும் மெல்லிய தூசித் தகடு இடிக்கும். அதை வெட்டுகிறார்கள், அல்லது முழுவதும் எடுத்துவிடுகிறார்கள். ஆயில் நுழையும் துளை பழைய இடத்தில் இல்லாததால் ஹோஸிலிருந்து காலிப்பர் வரை வரும் குட்டைக் குழாயை வேறு கோணத்தில் வளைக்கவேண்டும். மரைக்கு மட்டும் கவலை வேண்டாம். டாட்சனிலும் டொயோட்டாவிலும் அதே 10 மில்லிமீட்டர் மரைதான். இதே டொயோட்டா காலிப்பரை அமெரிக்காவில் ட்ரையம்ஃப் டிஆர்6-க்கும் போடுகிறார்கள். அங்கே போல்ட்டும் மரையும் அங்குலக் கணக்கில் இருப்பதால் புஷ்ஷும் மாற்றுக் குழாயும் தேவைப்படும். ஆனாலும் துளைக்கு நேரே துளை வந்து நிற்கும். டைஸ்லியிலிருந்து புறப்பட்ட ஓர் அளவு, ஜப்பான் வழியாகப் போய், பிக்கப் வண்டியில் உழைத்து, இரண்டு மடங்கு பிஸ்டனோடு இங்கிலாந்துக் காருக்கே திரும்பி வந்த கதை அது. இந்தக் காலிப்பரின் பயணத்தில் எனக்கு மிகவும் பிடித்த திருப்பம் இதுதான்.

போல்ட்டை டார்க் ரெஞ்ச் வைத்தே இறுக்கவேண்டும். காலிப்பரின் இரண்டு பாதிகளையும் சேர்த்திருக்கும் போல்ட்டுகளை மட்டும் தொடக்கூடாது. நடுவே ஆயில் கடந்துபோகும் வழி இருக்கிறது, அதில் சிறிய சீல் இருக்கிறது. இடம் வலம் பார்த்துப் பொருத்துவதும் முக்கியம். ஏர் எடுக்கும் நிப்பிள் எப்போதும் மேல்பக்கம் வரவேண்டும். இடத்தை வலமாக மாட்டினாலும் போல்ட் பொருந்திவிடும், ஆனால் நிப்பிள் கீழே போய்விடும். காற்று மேலே ஒதுங்கி நிற்கும். எத்தனை தடவை ஏர் எடுத்தாலும் பெடல் பஞ்சாகவே இருக்கும்.

ஏர் எடுக்கும் வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். மாஸ்டர் சிலிண்டருக்கு அதிகத் தூரத்தில் உள்ள சக்கரத்தில் தொடங்கவேண்டும். நிப்பிளில் மாட்டிய தெளிவான குழாயின் மறுமுனை ஆயில் உள்ள பாட்டிலில் முழுகியிருக்கும். உள்ளே இருப்பவர் பெடலை மிதித்துப் பிடிக்க, வெளியே இருப்பவர் நிப்பிளைக் கால் சுற்று திறப்பார். முதலில் காப்பி நிறத்தில் கலங்கிய ஆயில் வரும். பிறகு கடுகு கடுகாகக் குமிழி. மூடிய பிறகுதான் காலை எடுக்கவேண்டும், இல்லையென்றால் வெளியே போன காற்று உள்ளே வந்துவிடும். தேன் நிறத்தில் ஆயில் குமிழி இல்லாமல் ஓடும்வரை இதுதான் வேலை. நடுவே ஆயில் கிண்ணத்தில் மட்டம் இறங்காமல் ஒருவர் ஊற்றிக்கொண்டே இருக்கவேண்டும்.

அந்தக் காப்பி நிறத்துக்குப் பின்னால் ஒரு விஷயம் இருக்கிறது. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்கவேண்டும் என்பது விதி. ஈரம் ஏறிய பிறகு அது 140 வரை இறங்கலாம். டாட் 4-க்கு அவை 230, 155. கொதித்தால் ஆயிலில் ஆவிக் குமிழி உண்டாகும். ஆவி அமுங்கும், ஆயில் அமுங்காது. பெடல் தரை வரை போய்விடும். ஒரு 240இசட் ஓட்டுபவரோடு சேர்த்து 1,130 கிலோ என்று வைத்துக்கொண்டால், மணிக்கு 100 கிலோமீட்டரிலிருந்து ஒரு முறை நின்றால் பிறக்கும் வெப்பம் ஒன்றேகால் லிட்டர் தண்ணீரை அறை வெப்பத்திலிருந்து கொதிக்க வைக்கப் போதும். மலையில் அதையே திரும்பத் திரும்பச் செய்கிறோம். அதில் பெரும்பகுதி முன் டிஸ்க்குகளுக்குத்தான் வந்து சேருகிறது.

மாற்றியதால் என்ன கிடைத்தது? மாற்றியவர்கள் எல்லோரும் பிரேக் அபாரமாகப் பிடிக்கிறது என்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 54 மில்லிமீட்டர் பிஸ்டன் ஒன்றின் பரப்பு சுமார் 2,290 சதுர மில்லிமீட்டர். 43-உம் 34-உம் சேர்ந்தால் சுமார் 2,360. வித்தியாசம் நூற்றுக்கு மூன்று. அதே கால், அதே பெடல், அதே மாஸ்டர் சிலிண்டர். பேடை டிஸ்க்கில் அழுத்தும் பலம் ஏறக்குறைய முன்பிருந்ததுதான். பிஸ்டன் நான்கு என்பதால் பலம் இரட்டிக்காது. நான்கு என்ற எண்ணைக் கேட்டதும் மனம் வேறு மாதிரி நினைத்துக்கொள்கிறது.

ஒரு முறை அழுத்தி நிறுத்துவதற்கு எத்தனை மீட்டர் ஆகும் என்பதைக் காலிப்பர் தீர்மானிப்பதே இல்லை. பழைய எஸ்16-ஆலேயே முன்சக்கரத்தைப் பூட்டிவிட முடியும். பூட்டிய பிறகு எல்லாம் டயருக்கும் சாலைக்கும் நடுவே நடப்பது. நிற்கும் தூரம் குறையவேண்டுமானால் முதலில் நல்ல டயர் வாங்கவேண்டும். இதை நான் எங்கே பேசினாலும் அழுத்திச் சொல்வேன்.

அப்படியானால் கிடைத்தது பிரமையா என்றால், இல்லை. நீளமான பேட் சூட்டைப் பரவலாக வாங்கிக்கொள்கிறது, மெதுவாகத் தேய்கிறது. இரண்டு இடத்தில் பிஸ்டன் தள்ளுவதால் பேடின் முழு நீளமும் சமமாகப் படிகிறது. மலை இறக்கத்திலும் பந்தயத் தடத்திலும் பத்தாவது முறை பிடிக்கும்போதும் பெடல் முதல் முறை போலவே இருக்கும். அது உண்மையான லாபம், அதற்காக மாற்றுபவர் சரியான காரணத்துக்காக மாற்றுகிறார். ஊர்ச் சாலையில் ஞாயிற்றுக்கிழமை ஓட்டுபவர் உணரும் வித்தியாசத்தில் பெரும்பங்கு வேறிடத்திலிருந்து வருகிறது. புது ஹோஸ், புது ஆயில், துரு இல்லாத பிஸ்டன், இறுகிப் போகாத சீல். அதே பணத்தில் எஸ்16-ஐயே பிரித்துச் சுத்தம் செய்து புதுச் சீல் போட்டிருந்தாலும் அதில் முக்கால்வாசி கிடைத்திருக்கும்.

அந்தச் சீலைப் பற்றி யாரும் பேசுவதில்லை, அதனால் நான் பேசுகிறேன். பிஸ்டனைச் சுற்றிச் சதுர வெட்டில் ஒரு ரப்பர் வளையம் இருக்கிறது. ஆயில் கசியாமல் தடுப்பது அதன் ஒரு வேலைதான். பிஸ்டன் முன்னே நகரும்போது வளையம் பள்ளத்துக்குள் நின்றபடியே சற்று முறுக்கிக்கொண்டு கூட வருகிறது. பெடலை விட்டதும் முறுக்கு தளர்ந்து பிஸ்டனை ஒரு முடியளவு பின்னால் இழுத்து வைக்கிறது. பேட் டிஸ்க்கை விட்டு விலகுவதற்கு இந்தக் காலிப்பரில் ஸ்பிரிங் எதுவும் இல்லை. ரப்பரின் அந்த நினைவுதான் எல்லாம். பேட் தேயத் தேய பிஸ்டன் வளையத்தை வழுக்கிக்கொண்டு முன்னேறிப் புது இடத்தில் நின்றுகொள்கிறது. அதனால்தான் டிஸ்க் பிரேக்கை யாரும் அட்ஜஸ்ட் செய்வதில்லை. ரப்பர் கெட்டிப்பட்டால் இரண்டும் போய்விடும். டைஸ்லியில் செய்தாலும் ஜப்பானில் செய்தாலும், பிஸ்டன் இரண்டானாலும் நான்கானாலும், இந்த வளையத்தை யாரும் மாற்றவில்லை.

முன் பிரேக்கோடு நிறுத்திக்கொள்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பிரேக் பிடிக்கும்போது எடை முன்னால் சாய்கிறது, பின்சக்கரம் லேசாகிறது. தொழிற்சாலை முன்னுக்கும் பின்னுக்கும் ஒரு பங்கு வகுத்து வைத்திருக்கிறது. எஸ்12+8-இல் பிஸ்டன் பரப்பு பழையதை ஒட்டியே இருப்பதால் அந்தப் பங்கு குலைவதில்லை. இதைத் தேர்ந்தெடுத்தவர்கள் தெரிந்து செய்தார்களோ தெரியாமல் செய்தார்களோ, நல்ல தேர்வு. பின்னால் வந்த எஸ்12டபிள்யூ என்ற அகல வகையை, 300இசட்எக்ஸ் காரின் காற்றுப்பாதை உள்ள டிஸ்க்கோடும் ஸ்பேசரோடும் சேர்த்துப் போடுகிறவர்கள் வேறொரு கணக்குக்குள் நுழைகிறார்கள். முன்னால் பிடி கூடிக்கொண்டே போனால் பின் டிரம் சும்மா சுற்றும், முன்சக்கரம் சீக்கிரம் பூட்டும், நிற்கும் தூரம் கூடவும் செய்யலாம். பெடல் நீளமாகப் போகிறதென்று 7/8 அங்குல மாஸ்டர் சிலிண்டரை எடுத்துவிட்டு 15/16 போடுவதும் உண்டு. பெடல் கெட்டியாகும். ஆனால் அதே பிடிக்குக் காலால் நூற்றுக்குப் பதினைந்து பலம் கூடுதலாகக் கொடுக்கவேண்டும். கெட்டியான பெடலைப் பலமான பிரேக் என்று எடுத்துக்கொள்வது பலரும் செய்யும் தவறு. 14 அங்குல ரிம் போட்டிருந்தால் சக்கரத்தை மாட்டி, கையால் ஒரு சுற்று சுற்றி, எங்கும் உரசவில்லை என்று பார்த்துவிட்டே கீழே இறக்கவேண்டும்.

பேடை டிஸ்க்கோடு பழக்குவது கடைசி வேலை. ஆளில்லாத சாலையில் மிதமான வேகத்திலிருந்து முழுவதும் நிற்காமல் வேகத்தைக் குறைத்து, மறுபடி எடுத்து, மறுபடி குறைத்து, பிறகு பிரேக்கைத் தொடாமல் சிறிது தூரம் ஓட்டி ஆறவிடவேண்டும். சூடான நிலையில் பெடலை மிதித்துக்கொண்டு நின்றால் பேடின் அச்சு டிஸ்க்கில் ஒட்டி, பிறகு பிரேக் பிடிக்கும்போதெல்லாம் ஸ்டியரிங் நடுங்கும்.

கழற்றிய எஸ்16 ஜோடியை இரும்புக் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். 1970 முதல் 1973 வரை ஒன்றரை லட்சத்துக்கும் மேல் செய்த காரானாலும், தொழிற்சாலை விட்ட நிலையிலேயே காரைத் திருப்பி நிறுத்த விரும்புகிறவர்கள் ஆண்டுக்கு ஆண்டு கூடிக்கொண்டு வருகிறார்கள். அவர்களுக்கு வேண்டியது அந்த இரட்டை பிஸ்டன் வார்ப்புதான். பிஸ்டனை வெளியே எடுக்கக் காற்றழுத்தம் கொடுக்கும்போது எதிரே ஒரு மரக்கட்டையை வைத்து, விரலை உள்ளே விடாமல் எடுக்கவேண்டும். புதுப் பிஸ்டனும் சீலும் போட்டு, துளைகளை அடைத்து, எண்ணெய்த் துணியில் சுற்றி வைத்தால் கெடாது. காரில் எதையும் துளைக்காததால் பழையதை மறுபடி பூட்ட ஒரு மதியம் போதும். திரும்ப முடியாதது தூசித் தகடு ஒன்றுதான். அதனால் அதை வெட்டவேண்டாம், முழுசாகக் கழற்றிக் காலிப்பரோடு சேர்த்தே வையுங்கள். ஹப்பை எடுத்தால்தான் அது வெளியே வரும். முன்சக்கர பேரிங்குக்குக் கிரீஸ் மாற்றும்போது இதையும் சேர்த்துச் செய்தால் தனி வேலையாகாது.